வாக்குறுதி யாருக்கு? இப்ராஹீம் நபியின் சந்ததியும் கொச்சி யூதர்களின் வழக்கும்

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்.

 

ஒவ்வொரு தொழுகையின் இறுதி இருப்பிலும் நாம் ஸலவாத் ஓதுகிறோம். நம் நபி (ஸல்) அவர்களுக்கும் அவர்களுடைய குடும்பத்தாருக்கும் அருளை வேண்டும்போது, இப்ராஹீம் நபி (அலை) அவர்களுக்கும் அவர்களுடைய குடும்பத்தாருக்கும் வழங்கியதைப் போல் வழங்குவாயாக என்றே வேண்டுகிறோம். சிறுவயதில் மனனம் செய்த சொற்கள் ஆதலால், அவற்றின் பொருளில் நாம் தங்கி நிற்பதில்லை. இப்ராஹீம் நபியின் குடும்பத்தார் என்று யாரைச் சொல்கிறோம்? இரத்த வழியில் வந்தவர்களையா? அவர்கள் சென்ற வழியில் சென்றவர்களையா?

இந்தக் கேள்வி எங்கள் வீட்டுக்குள் வந்தது ஒரு சம்பந்தப் பேச்சின்போது. எங்கள் உறவில் ஒரு பையனுக்குப் பெண் பார்த்தோம். பெண் மார்க்கக் கல்வி பயின்றவர், ஐவேளைத் தொழுகையாளி. வீட்டாரும் கண்ணியமானவர்கள். எல்லாம் கூடிவரும் நேரத்தில் பெரியவர் ஒருவர், "அவுங்க பாட்டனார் காலத்துலதானே மார்க்கத்துக்கு வந்தாங்க? பூர்வீகம் என்ன?" என்று கேட்டார். அதன் பிறகு பேச்சு தொடரவில்லை. மஹர் குறித்தோ, குணம் குறித்தோ, படிப்பு குறித்தோ ஒரு சொல்லும் எழவில்லை. அந்தக் கூடத்தில் நாமும் அமர்ந்திருந்தோம். நம்மில் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

அன்று சொல்லாமல் விட்டதை இன்று வரலாற்றின் வழியே சொல்ல முயல்கிறோம். நம்மைப் போலவே இப்ராஹீம் நபியைத் தந்தையெனப் போற்றும் யூத சமுதாயம் இதே கேள்வியோடு பல நூற்றாண்டுகள் போராடியிருக்கிறது. அவர்களுடைய அறிஞர்கள் எழுதிய விளக்கங்களிலும், நமக்கு அண்டையிலுள்ள கொச்சியில் அவர்கள் வாழ்ந்த வாழ்விலும் நமக்கான பாடம் இருக்கிறது.

மலைக்கு அப்பால்

நாம் இருப்பது திருவண்ணாமலை. அருணாசலம் அன்று, ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அருகே, சீனிவாசப் பெருமாள் கோயில் கொண்ட குன்றின் பெயரால் அறியப்படும் சிற்றூர். மேற்கே பார்த்தால் மேற்குத் தொடர்ச்சி மலை தெரியும். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து இராஜபாளையம், சிவகிரி, புளியங்குடி, கடையநல்லூர், தென்காசி, செங்கோட்டை என்று செல்லும் நெடுஞ்சாலை, ஆரியங்காவு வழியாக மலையைக் கடந்து கொல்லத்தில் போய் முடிகிறது. நம் ஊர்களின் பருத்தியும் மிளகாயும் ஏறிப்போன அந்தச் சாலையின் மறுமுனையில்தான் இக்கதை தொடங்குகிறது.

கி.பி. 849ஆம் ஆண்டில், வேணாட்டை ஆண்ட அய்யனடிகள் திருவடிகள், கொல்லத்துத் தரிசாப்பள்ளி என்னும் கிறித்தவக் கோயிலுக்கு நிலமும் உரிமைகளும் வழங்கிச் செப்பேடு பொறித்தார். அவ்வுரிமைகளைக் காக்கும் பொறுப்பு அஞ்சுவண்ணம், மணிக்கிராமம் என்னும் வணிகக் குழுக்களிடம் ஒப்படைக்கப்பட்டது. செப்பேட்டின் இறுதியில் சாட்சிக் கையொப்பங்கள் உள்ளன. அரபியின் கூஃபி எழுத்தில் 11 பேர், பஹ்லவி எழுத்தில் 10 பேர், எபிரேய எழுத்தில் பாரசீக மொழியில் 4 பேர். முஸ்லிம்களும், பாரசீகக் கிறித்தவர்களும் ஜொராஸ்டிரியரும், யூதர்களும் ஒரே தகட்டில் ஒப்பமிட்டிருக்கின்றனர்.

அரபிக் கையொப்பங்களில் மைமூன் இப்னு இப்ராஹீம் என்றொரு பெயர். இஸ்மாயீல் இப்னு யஃகூப் என்று மற்றொரு பெயர். எபிரேய எழுத்துக் கையொப்பங்களிலோ இஸ்ஹாக், ஆபிரகாம் என்னும் பெயர்கள். ஒரே தந்தையின் வீட்டுப் பெயர்கள் இரு எழுத்துகளில் அருகருகே நிற்கின்றன. அவர்கள் அன்று சாட்சியம் அளித்தது ஒரு மூன்றாம் சமயத்தாருக்குத் தரப்பட்ட வாக்குறுதி காக்கப்படும் என்பதற்காக என்பதை நாம் மறக்கலாகாது.

மேற்காசியாவிலிருந்து வந்த பல சமய வணிகர்களைக் குறித்த அஞ்சுவண்ணம் என்னும் அச்சொல், பிற்காலத் தமிழகத்தில் முஸ்லிம்களையே குறிக்கலாயிற்று. தமிழ் முஸ்லிம் இலக்கியத்தில் மிகப் பழையதெனக் கருதப்படும் பல்சந்தமாலையில் அச்சொல் வருகிறது. தென்காசியில் பிறந்து தக்கலையில் அடங்கியிருக்கும் ஞானி பீர்முகம்மது அப்பா அவர்களின் பெயரோடு அஞ்சுவண்ணம் இன்றும் சேர்ந்தே வழங்குகிறது.

வேதம் கூறும் வாக்குறுதி

யூதர்களின் தவ்ராத்தில் ஆதியாகமம் என்னும் முதற்பகுதி இறைவன் இப்ராஹீம் நபிக்கு அளித்த வாக்குறுதிகளைப் பலமுறை கூறுகிறது. உன்னைப் பெரிய சமுதாயமாக்குவேன், உன் வழியாகப் பூமியின் குடும்பங்கள் ஆசி பெறும், உன் சந்ததிக்கு நிலம் தருவேன் என்பன அவற்றின் சாரம். 17ஆம் அதிகாரத்தில் இஸ்மாயீல் நபிக்கும் ஆசியும் பன்னிரு தலைவர்களும் பெருஞ்சமுதாயமும் வாக்களிக்கப்படுகின்றன. ஆயினும் உடன்படிக்கை இஸ்ஹாக் நபியின் வழியில் நிலைக்கும் என்று அந்நூல் கூறுகிறது. பின்னர் அவ்வாக்குறுதி இஸ்ஹாக் நபிக்கும் யஃகூப் நபிக்கும் புதுப்பிக்கப்படுகிறது.

நம் குர்ஆனிலும் இவ்வாக்குறுதி உண்டு. அல்பகரா அத்தியாயத்தின் 124ஆம் வசனத்தில், பல சோதனைகளில் தேறிய இப்ராஹீம் நபியை மனிதர்களுக்குத் தலைவராக்குவதாக அல்லாஹ் அறிவிக்கிறான். ஒரு தந்தைக்குரிய ஆவலோடு, என் சந்ததியிலிருந்துமா என்று அவர்கள் கேட்கிறார்கள். அநியாயம் செய்வோரை அவ்வாக்குறுதி சென்றடையாது என்பது இறைவனின் மறுமொழி. சந்ததிக்குக் கதவு அடைக்கப்படவில்லை. ஆனால் சந்ததி என்பதே திறவுகோலாகவும் ஆக்கப்படவில்லை. ஆலு இம்ரான் அத்தியாயத்தின் 68ஆம் வசனமும் இப்ராஹீம் நபிக்கு மிக நெருக்கமானோர் அவரைப் பின்பற்றியவர்களே என்று தெளிவாக்குகிறது.

இந்த இடத்தில் நம்மில் பலர் ஒரு முடிவுக்கு விரைந்துவிடுகிறோம். யூதர்கள் குலப்பெருமையை நம்பினார்கள், நாமோ இறையச்சத்தை நம்புகிறோம் என்று சொல்லி நிறைவடைகிறோம். அவர்களுடைய அறிஞர்கள் உண்மையில் எழுதியதைப் பார்த்தால், கணக்கு அத்தனை எளிதாக முடிவதில்லை.

அஞ்சிய யஃகூப்

இராக்கின் கல்விக்கூடங்களில் கி.பி. 500 அளவில் உருப்பெற்ற பாபிலோனியத் தல்மூத், ஓர் ஐயத்தை எழுப்புகிறது. உன்னோடு இருந்து உன்னைக் காப்பேன் என்று இறைவன் யஃகூப் நபிக்கு வாக்களித்தான். அப்படியிருக்க, தம் சகோதரர் ஏசா நானூறு பேருடன் வருகிறார் என்றதும் யஃகூப் மிகவும் அஞ்சினார் என்று வேதம் ஏன் கூறுகிறது? வாக்குறுதி பெற்றவருக்கு அச்சம் எதற்கு? தல்மூத் அறிஞர் தரும் விடை சுருக்கமானது: இடையில் தாம் செய்திருக்கக்கூடிய பாவம் அவ்வாக்குறுதியைத் தடுத்துவிடுமோ என்று அவர் அஞ்சினார்.

11ஆம் நூற்றாண்டில் பிரான்சின் திருவா நகரில் வாழ்ந்த ராஷி (1040–1105) என்னும் பெரும் விரிவுரையாளரும் யஃகூப் நபியின் இறைஞ்சலை இவ்வாறே விளக்குகிறார். பெற்ற அருள்களால் தம் நன்மைக் கணக்கு குறைந்துபோயிற்றோ என்று யஃகூப் கவலையுறுவதாக அவர் எழுதுகிறார். வாக்குறுதியைக் கையில் வைத்திருப்பவரே அதற்குத் தகுதி உண்டா என்று தம்மைச் சோதித்துக்கொள்கிறார். நம் முன்னோர் அச்சமும் ஆதரவும் என்று கற்பித்த மனநிலை இதுவன்றி வேறென்ன?

தந்தையரின் புண்ணியம் பிள்ளைகளைக் காக்கும் என்னும் நம்பிக்கை அவர்களிடம் உண்டு. ஆனால் அந்தப் புண்ணியம் எந்தக் காலத்தோடு தீர்ந்துபோயிற்று என்றும் தல்மூத் அறிஞர்கள் ஆராய்ந்தார்கள். ஆளுக்கொரு காலத்தைச் சொன்னார்கள். ராஷியின் பேரரான ரப்பேனு தாம் 12ஆம் நூற்றாண்டில் இதற்கு ஒரு நுட்பம் கூறினார்: தந்தையரின் புண்ணியம் தீர்ந்திருக்கலாம், தந்தையரோடு இறைவன் செய்த உடன்படிக்கை தீரவில்லை. பிள்ளைகள் செலவழித்துத் தீர்த்துவிடக்கூடிய சொத்து வேறு. இறைவனின் வாய்மை வேறு என்பது இதன் கருத்து.

எல்லோரும் ஒரே கருத்தினர் என்று நாம் சொல்லமாட்டோம். ஸ்பெயினின் ஜெரோனாவைச் சேர்ந்த நஹ்மனிதீஸ் (1194–1270), மகனைப் பலியிடத் துணிந்த நிகழ்ச்சிக்குப் பின் இறைவன் ஆணையிட்டு உரைத்ததால், அதுவரை பாவத்தால் தடைபடக்கூடியதாக இருந்த வாக்குறுதி அதன் பிறகு முற்றிலும் முறியாததாயிற்று என்று வாதிட்டார். பலியிடப்பட இருந்தவர் இஸ்மாயீல் நபி என்பது நம் பெரும்பாலான உலமாக்களின் கருத்து. அவர்கள் இஸ்ஹாக் நபி என்பார்கள். நிலம் பற்றிய வாக்குறுதியோ இன்று பாலஸ்தீனத்தின் துயரோடு சேர்த்தே நம் செவியில் விழுகிறது. இவற்றிலெல்லாம் நமக்கு மாறுபாடு உண்டு. ஆயினும் வாக்குறுதியை நினைத்து நடுங்கிய யஃகூப் நபியின் சித்திரம் அவர்களுடைய நூலிலேயே இருக்கிறது என்பதை நாம் அறிந்திருப்பது நீதியாகும்.

இஸ்மாயீலைப் பற்றி அவர்கள் எழுதியது

நமக்கு இன்னும் நெருக்கமான பகுதி இது. பாலைவனத்தில் அன்னை ஹாஜரும் குழந்தை இஸ்மாயீலும் நீரின்றித் தவித்ததை நாம் ஸஃபா மர்வாவுக்கு இடையிலான தொங்கோட்டத்தில் நினைவுகூர்கிறோம். ஆதியாகமத்தின் 21ஆம் அதிகாரத்திலும் இந்நிகழ்ச்சி வேறு விவரங்களோடு வருகிறது. அங்கே சிறுவனின் குரலை இறைவன் அவன் இருக்கும் நிலையிலேயே கேட்டான் என்றொரு தொடர் உண்டு. அதற்கு ராஷி பழைய மரபொன்றை எடுத்துரைக்கிறார். இவனுடைய சந்ததியார் பிற்காலத்தில் உன் மக்களைத் துன்புறுத்துவார்களே, இவனுக்கா ஊற்றைத் திறக்கிறாய் என்று வானவர்கள் முறையிட்டனராம். இப்போது இவன் எப்படிப்பட்டவன் என்று இறைவன் கேட்க, நல்லவன் என்று அவர்கள் ஒப்புக்கொண்டனராம். அப்படியாயின் இப்போதைய நிலையைக் கொண்டே தீர்ப்பளிப்பேன் என்றானாம் இறைவன்.

வானவர்களின் கூற்றில் இஸ்மாயீலின் மக்கள் மீதான கசப்பு தெரிகிறது. ஆனால் அந்த மரபு கசப்பின் பக்கம் தீர்ப்பளிக்கவில்லை. ஒருவரின் சந்ததி என்ன ஆகும் என்பதைக் கொண்டு அவரை எடைபோடக் கூடாது என்றே முடிக்கிறது. அப்படியானால், ஒருவரின் பாட்டனார் என்னவாக இருந்தார் என்பதைக் கொண்டு எடைபோடுவது மட்டும் எப்படித் தகும்?

நஹ்மனிதீஸ் இதைவிடத் துணிவாக ஒன்றை எழுதினார். ஹாஜரைத் துன்புறுத்தியதில் நம் அன்னை சாரா தவறு செய்தார், அதை அனுமதித்த ஆபிரகாமும் தவறு செய்தார் என்று தம் விரிவுரையில் வெளிப்படையாகக் குறித்தார். நபிமார்களைப் பற்றி அவ்வாறு பேசுவது நம் மரபன்று. ஆயினும், தம் குலத்தின் தாய்க்கு எதிராக, நம் அன்னை ஹாஜருக்காகச் சாட்சியம் சொல்லும் நேர்மையை அதில் காண்கிறோம்.

மற்றொருவர் கைரவானைச் சேர்ந்த ரப்பேனு ஹனனேல். ஸஹாபாக்களின் அடுத்த தலைமுறையில் உக்பா இப்னு நாஃபிஉ நிறுவிய நகரம் கைரவான். அந்த முஸ்லிம் நகரில் 11ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த இந்த யூத அறிஞரின் கருத்தை, சரகோசாவின் பஹ்யா பென் ஆஷேர் 1291இல் எழுதிய தம் விரிவுரையில் எடுத்துக்காட்டுகிறார். இஸ்மாயீலுக்குப் பெருஞ்சமுதாயம் வாக்களிக்கப்பட்டது. அது நிறைவேற 2,300 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அத்தனை காலமும் இஸ்மாயீலின் மக்கள் காத்திருந்தனர், இறுதியில் இஸ்லாத்தின் எழுச்சியோடு அவ்வாக்கு நிறைவேறியது என்கிறார் ஹனனேல். பிறகு தம் மக்களை நோக்கி, அவர்களுக்கே அவ்வளவு தாமதத்திற்குப் பின் நிறைவேறியதென்றால், நம் பாவங்களால் தாமதமான நம் வாக்குறுதிக்காக நாம் ஏன் நம்பிக்கை இழக்க வேண்டும் என்று கேட்கிறார். முஸ்லிம்களின் எழுச்சியைக் கண்ட ஒரு யூதர் அதில் இறைவனின் வாய்மையைப் படித்தார். பிறருக்குக் கிடைத்த அருளைக் கண்டு புழுங்காமல், தம் இறைநம்பிக்கைக்கு அதையே சான்றாக்கிக்கொண்டார்.

புதிதாக வந்தவரின் கேள்வி

எகிப்தின் ஃபுஸ்தாத்தில் வாழ்ந்து 1204இல் மறைந்த மூஸா இப்னு மைமூன், சுல்தான் ஸலாஹுத்தீன் அய்யூபியின் அரசவை வட்டத்தில் மருத்துவராக இருந்தவர். யூதர்களின் சட்டத்தில் இவரை மிஞ்சியவர் அரியர். ஒபதியா என்னும் ஒருவர் அவருக்குக் கடிதம் எழுதினார். ஒபதியா பிறப்பால் யூதர் அல்லர், அச்சமயத்தைத் தழுவியவர். யூதர்களின் தொழுகையில் எங்கள் இறைவா, எங்கள் தந்தையரின் இறைவா என்று வருகிறது. என் தந்தையர் அவர்களல்லரே, நான் இச்சொற்களைச் சொல்லலாமா என்பது அவருடைய கேள்வி.

ஒரு சொல்லையும் மாற்றாமல் எல்லாவற்றையும் சொல்லுங்கள் என்று இப்னு மைமூன் விடையளித்தார். இறைவன் ஒருவனே என்று மக்களுக்குக் கற்பித்தவர் ஆபிரகாம்; அவ்வழியில் வருவோர் அனைவரும் அவருடைய வீட்டாரே, அவருடைய மாணாக்கரே என்பது அவர் காட்டிய காரணம். உங்கள் மரபைத் தாழ்வாக எண்ணாதீர்கள், எங்கள் மரபு ஆபிரகாமிடம் சென்று சேர்கிறதென்றால் உங்கள் மரபு உலகைப் படைத்தவனிடமே சென்று சேர்கிறது என்றும் எழுதினார். முஸ்லிம்கள் சிலை வணங்கிகள் அல்லர் என்று கூறியதற்காக ஒபதியாவை அவருடைய ஆசிரியர் இழிவாகப் பேசியதையும் இப்னு மைமூன் கண்டித்தார். முஸ்லிம்கள் இறைவனின் ஒருமையைக் குறைவின்றி ஏற்பவர்கள் என்று உறுதியாக எழுதினார்.

கொச்சியில் நடந்தது

இத்தகைய விளக்கங்களைப் பெற்ற சமுதாயம் நம் கரையில் எவ்வாறு வாழ்ந்தது? கி.பி. 1000 அளவில் சேர மன்னர் பாஸ்கர ரவி, முயிரிக்கோட்டில் இருந்தபோது, இஸ்ஸுப்பு இறப்பான் என்னும் யூதத் தலைவருக்கு 72 உரிமைகளை வழங்கிச் செப்பேடு அளித்தார். யூசுஃப் என்று நாம் சொல்லும் பெயரே இஸ்ஸுப்பு. அவருக்கும் அவர் மக்களுக்கும் மருமக்களுக்கும், உலகமும் சந்திரனும் உள்ளளவும் என்பது அந்த ஆணை. வட்டெழுத்தில், தமிழறிந்தோர் முயன்றால் புரிந்துகொள்ளக்கூடிய அக்கால மொழியில் அது பொறிக்கப்பட்டுள்ளது. ஒரு மனித அரசன் ஒரு குலத்துக்கு அளித்த வாக்குறுதி அது. கொச்சியின் பரதேசி யூதப் பள்ளியில் அதைப் பாதுகாத்து வந்தனர்.

1170 அளவில் பயணம் செய்த துதேலாவின் பெஞ்சமின், கொல்லத்து யூதர்களைப் பற்றித் தம் குறிப்பில் எழுதியிருக்கிறார். அவர்கள் கரிய நிறத்தவர் என்றும், மூஸாவின் சட்டத்தையும் தீர்க்கதரிசிகளின் நூல்களையும் தல்மூத்தில் சிறிதையும் அறிந்தவர் என்றும் கூறுகிறார்.

1524இல் கொடுங்கல்லூரில் முஸ்லிம்களுக்கும் யூதர்களுக்கும் மூண்ட பூசலில் யூதர்கள் கொல்லப்பட்டதும் அவர்களுடைய வீடுகளும் தொழுமிடங்களும் எரிந்ததும் வரலாறு. இதை நம் தரப்பிலேயே, துஹ்ஃபத்துல் முஜாஹிதீன் என்னும் நூலில் ஷைகு ஸைனுத்தீன் மக்தூம் பதிவு செய்திருக்கிறார். கொல்லத்தில் ஒரே தகட்டில் ஒப்பமிட்டவர்களின் வழிவந்தோர் ஏழு நூற்றாண்டுகளுக்குள் இந்நிலைக்கு வந்தனர். பிறர் குறையைப் பேசுமுன் இதையும் சொல்லிவிடுவதே நேர்மை.

அதே 16ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கொச்சியிலிருந்து கெய்ரோவுக்கு ஒரு கேள்வி சென்றது. அங்கே எகிப்திய யூதர்களின் தலைமை அறிஞராக இருந்தவர் தாவீது இப்னு அபீ ஸிம்ரா. கொச்சியில் இரு பிரிவினர் இருந்தனர். ஒரு சிறு பிரிவினர் தாங்களே தூய குலத்தினர் என்றனர். பெரும்பான்மையினரோ செல்வமும் பக்தியும் உடையவர்களாயினும் அடிமைகளின் வழிவந்தோர் என்று ஒதுக்கப்பட்டனர். அவர்களோடு மணவுறவு மறுக்கப்பட்டது. இது சரியா என்பது கேள்வி. முறைப்படி நீராட்டுச் சடங்கை நிறைவேற்றிவிட்டால் அவர்கள் முழு யூதர்களே, மணவுறவுக்குத் தடையில்லை, அதன் பின்பும் அவர்களை அடிமைகள் என்று அழைப்பது பாவம் என்பது கெய்ரோவின் தீர்ப்பு.

தீர்ப்பு வந்தது, நடைமுறை மாறவில்லை. 1568இல் மட்டாஞ்சேரியில் எழுந்த பரதேசி யூதப் பள்ளியில், விடுவிக்கப்பட்டவர்கள் என்று பெயரிடப்பட்ட குடும்பத்தினருக்கு உள்ளே இருக்கையில் அமரும் உரிமை நெடுங்காலம் இல்லை. வெளிக்கூடத்தின் தரையில் அமர்ந்தனர். தவ்ராத்தை ஓத அழைக்கப்படும் சிறப்பும் மறுக்கப்பட்டது. அவ்வீட்டில் 1882இல் பிறந்தவர் ஆபிரகாம் பாராக் சேலம். சென்னையில் சட்டம் பயின்றார்; 1929இல் லாகூர் காங்கிரஸில் கலந்துகொண்டார். காந்தியடிகளின் சத்தியாகிரக வழியைத் தம் சொந்தத் தொழுமிடத்துக்குள் கையாண்டு, தம் பிள்ளைகளோடு உரிமை கோரி நின்றார். தடைகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. அவருக்குப் பெற்றோர் இட்ட பெயரே ஆபிரகாம். இருந்தும் ஆபிரகாமின் பிள்ளை என்று உட்கார ஓர் இருக்கைக்காக அவர் வாழ்நாளில் பெரும்பகுதி போராட வேண்டியிருந்தது.

தடைகள் தளர்ந்த காலத்திலேயே சமுதாயம் கரையத் தொடங்கியது. 1950களில் கொச்சி யூதர்களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தனர். 1967இல் சேலம் மறைந்தார். இன்று மட்டாஞ்சேரியின் யூதத் தெருவில் பெயர்ப்பலகைகளும் கடைகளும் உண்டு. யூதர்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவர்கள். நான்கு நூற்றாண்டுகள் யாரை உள்ளே அமரவிடலாம் என்று கணக்குப் பார்த்த அப்பள்ளியில், இப்போது கூட்டுத்தொழுகைக்கு வேண்டிய பத்து ஆண்கள் சேர்வதே அரிது.

நம் கூடத்துக்குத் திரும்பி

இதைப் படித்து யூதர்களைக் குறை சொல்வது நம் நோக்கமன்று. கெய்ரோவின் தீர்ப்பைவிடத் தெளிவான தீர்ப்பு நம்மிடம் இருக்கிறது. அரபிக்கு அரபியல்லாதவரைவிட இறையச்சத்தாலன்றி மேன்மை இல்லை என்று இறுதிப் பேருரையில் நம் நபி (ஸல்) அறிவித்தார்கள். செயலால் பின்தங்கியவரை அவருடைய குலம் முன்னேற்றாது என்று கூறியது ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. தம் அருமை மகள் ஃபாத்திமா (ரலி) அவர்களிடமே, அல்லாஹ்வின் முன் உன்னை நான் காப்பாற்ற இயலாது என்று சொன்னது புகாரியில் உள்ளது. நூஹ் நபியின் சொந்த மகன் அவர்களுடைய குடும்பத்தைச் சேர்ந்தவன் அல்லன் என்று ஹூத் அத்தியாயம் கூறுகிறது. அபிசீனிய அடிமையாக இருந்த பிலால் (ரலி) அவர்களின் குரலே மதீனாவைத் தொழுகைக்கு அழைத்தது.

ஆக, தீர்ப்பு நம்மிடமும் இருக்கிறது, நடைமுறைதான் மாறவில்லை. கொல்லம் செல்லும் அதே வழியில், செங்கோட்டைக்கு அருகே மீனாட்சிபுரத்தில் 1981 பிப்ரவரியில் தலித் மக்கள் நூற்றுக்கணக்கில் இஸ்லாத்தைத் தழுவினர். தீண்டாமையின் அவமதிப்பு பொறுக்காமல், இங்கே ஒரே வரிசையில் தோளோடு தோள் நிற்கலாம் என்று நம்பி வந்தனர். பள்ளிவாசலின் ஸஃப்பில் அந்த இடத்தை நாம் கொடுத்துவிட்டோம். சம்பந்தம் பேசும் கூடத்தில் கொடுத்தோமா? ராவுத்தர், மரைக்காயர், லெப்பை என்று அடுக்கிப் பேசும்போது நம் நாவில் வருவது இப்ராஹீம் நபியின் மார்க்கமா, அவர்கள் விட்டுவந்த ஊரின் வழக்கமா? இப்ராஹீம் நபியே சிலை செய்வோரின் வீட்டில் பிறந்து மார்க்கத்தைத் தேர்ந்தவர்கள் அல்லவா! பூர்வீகம் கேட்டால், முதலில் அவர்களிடமன்றோ கேட்க வேண்டும்?

எங்கள் உறவில் முறிந்த அந்தப் பேச்சு மீண்டும் கூடவில்லை. அப்பெண்ணுக்கு வேறிடத்தில் நிக்காஹ் நடந்து, அல்ஹம்துலில்லாஹ், நல்லபடியாக வாழ்கிறார். சென்ற பெருநாளுக்குப் பின் அவருடைய தந்தையைக் கண்டு, அன்று பேசாமல் இருந்ததற்காக மன்னிப்புக் கேட்டோம். அவர் நீண்ட நேரம் எதுவும் சொல்லவில்லை. பிறகு, "பேசியிருந்தா நல்லாருந்திருக்கும், பாய்" என்று மட்டும் சொல்லித் தேநீர் கொடுத்தார்.

அடுத்த முறை ஏதேனும் ஒரு கூடத்தில் அந்தக் கேள்வி எழும். அப்போது பேசுவதற்கான துணிவை அல்லாஹ் நமக்கும் உங்களுக்கும் தருவானாக. அநியாயம் செய்வோரை என் வாக்குறுதி சேராது என்று அவன் கூறிய கூட்டத்தில் நம்மைச் சேர்த்துவிடாதிருப்பானாக. ஆமீன்.